பதினாறில் நின்ற வளையம்

போன மாதம் எனக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். முப்பத்தைந்து வருடம் மணி பார்த்து வந்தவளுக்கு, இனி மணியே பார்க்க வேண்டாம் என்ற அன்றைக்குக் கடிகாரம். யார் யோசனையோ, நன்றாக இருக்கட்டும்.

கூட்டம் கலைந்த பிறகு பிரவீன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எங்கள் புகைப்பட லேபில் புதிதாகச் சேர்ந்திருப்பவன். பொத்தேரிக்காரன், கெட்டிக்காரன், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கையிலிருந்த போனில் என்னை ஒரு படம் எடுத்துக் காட்டினான். நான் தெளிவாக இருந்தேன். எனக்குப் பின்னால் இருந்த மேடை, நாற்காலி எல்லாம் பஞ்சாகக் கலங்கியிருந்தன.

"பாருக்கா, ஒரே அமுக்கு. இதுக்குப் போயி ஷட்டரு, அப்பெர்ச்சருன்னு பசங்கள இன்னாத்துக்கு ரெண்டு வருசம் பேஜாரு பண்ணிகினு கீறோம்?" என்றான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல அங்கே நேரமில்லை, பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. ஊர் அச்சரப்பாக்கத்துக்குப் பக்கம். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். பத்தாவது முடித்து, கல்யாணமாகி, இருபத்து மூன்று வயதில் செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் லேப் அட்டெண்டராகச் சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் எதற்கு? புகைப்படத்துக்கு இரண்டு வருட டிப்ளமோ நடத்திய கல்லூரி, அவ்வளவு போதும். பிலிம் காலம் அது. கெமிக்கல் கலக்குவது, தட்டுகளைக் கழுவுவது, பிலிம் சுருளை அளந்து வெட்டுவது, கழுவிய பிலிமைக் கயிற்றில் காயப்போடுவது, மாணவர்களுக்குக் கேமராவை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவது, இதெல்லாம் என் வேலை. அட்டெண்டர் கேமராவைத் தூக்கலாம், துடைக்கலாம், அலமாரியில் வைத்துப் பூட்டலாம். கண்ணில் வைக்கக் கூடாது. அப்படி எழுதி எங்கேயும் ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் துறைத்தலைவர் ராகவன் சார். ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். அவர் கத்தி ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை, ஆனால் அவர் அறைக்குள் போகுமுன் பையன்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்கள். மாணவன் படத்தை நீட்டினால் அதைப் பார்க்க மாட்டார், முகத்தைத்தான் பார்ப்பார். "எத்தனைல எடுத்த?" என்று கேட்பார். லென்ஸின் துளை, அதாவது அப்பெர்ச்சர், எத்தனை, ஷட்டர் வேகம் எத்தனை என்று இரண்டு எண்ணையும் உடனே சொன்னால் படத்தை வாங்கிப் பார்ப்பார். "வந்து... சார்..." என்று இழுத்தால் படம் பார்க்கப்படாமலே திரும்பி வரும்.

அந்த எண்களை எழுத ஒவ்வொருவரிடமும் ஒரு சின்ன நோட்டு உண்டு. எந்தப் படம், என்ன துளை, என்ன வேகம், வானம் எப்படி இருந்தது என்று எழுதி, பிலிமோடு சேர்த்து என்னிடம் கொடுக்க வேண்டும். பிலிமைக் காயப்போடும்போது நான் நோட்டையும் அதே கிளிப்பில் மாட்டுவேன். காயும்வரை எனக்கு வேறு வேலை இல்லை. நோட்டையும் பிலிமையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். துளையின் எண் ஏற ஏறத் துளை சின்னதாகும் என்பதும், சின்னத் துளையில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் தெளியும் என்பதும், பெரிய துளையில் ஒன்றுதான் தெளியும் என்பதும் எனக்கு அப்படித்தான் தெரிந்தன. ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடினால் ஓடுவது இழுபடும், சட்டென்று மூடினால் ஓடுவது நிற்கும். எனக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. வருடத்துக்கு முப்பது பேர் செய்த தப்பையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். சரியாக எடுத்தவனின் பிலிமில் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

ஒரு ஆண்டுவிழாவில் மொத்தக் கல்லூரியையும் படம் எடுக்க ஒரு மாணவனை நிறுத்தினார்கள். முன்வரிசையில் நிர்வாகிகளும் முதல்வரும், அதற்குப் பின்னால் ஆசிரியர்கள், கடைசியில் பெஞ்சின் மேல் மாணவிகளும், அவர்கள் ஓரத்தில் டிரைவர், வாட்ச்மேன், நான். மேகமூட்டமாக இருந்ததால் பையன் துளையை முழுக்கத் திறந்துவிட்டான். போகஸை எங்கே வைத்தான் என்றால், கடைசி வரிசையில் அவன் ஒரு வருடமாகக் கண் வைத்திருந்த பெண்ணின் மேல். படம் வந்தது. முன்வரிசைப் பெரிய மனிதர்கள் எல்லோரும் தண்ணீருக்குள் இருப்பவர்கள் போலக் கலங்கியிருந்தார்கள். அந்தப் பெண் பளிச்சென்று இருந்தாள். கூடவே டிரைவர், வாட்ச்மேன், நான். அந்தக் கல்லூரியில் என் முகம் தெளிவாக விழுந்த முதல் படம் அதுதான். சார் வழக்கம்போல "எத்தனைல எடுத்த?" என்று கேட்டார். "ரெண்டுல சார்" என்றான். "அது துளை. பொண்ணு எத்தனாவது வரிசை?" என்று கேட்டார். லேபே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

எட்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள் நிர்வாகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு இருட்டறைக்கு அட்டெண்டர் தேவையில்லை, அந்த வேலையை மாணவர்களே செய்துகொள்வார்கள், அட்டெண்டர்களை விடுதிச் சமையலறைக்கு மாற்றப் போகிறோம் என்றிருந்தது. அதன் கீழேயே இன்னொரு வரி. அப்போது லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர், அதாவது செய்முறை சொல்லித்தருபவர், இடம் ஒன்று காலியாகும், டிப்ளமோ இருந்தால் ஊழியர்களும் விண்ணப்பிக்கலாம், ஊழியர்கள் மாலையில் படித்துத் தேர்வு எழுத இந்த ஒரு முறை மட்டும் அனுமதி.

என் வீட்டுக்காரர் சாமுவேல் வேன் ஓட்டுகிறவர். அவரிடம் சொன்னபோது, "எட்டு வருசமா அந்தப் பிலிமத்தான பாத்துகினு கீற. போய் எழுது. இல்லன்னா ஆயுசுக்கும் சாம்பார் கிண்டணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். சமையல் மட்டமான வேலை என்று நான் சொல்லவில்லை. எனக்கு லேபை விட்டுப் போக மனமில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எண்களெல்லாம் தெரிந்தவளுக்குக் கேமராவைக் கண்ணில் வைத்ததும் கை உதறியது. சாயங்காலங்களில் பிலிம் இல்லாத கேமராவோடு லேப் ஜன்னலில் நின்று, ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிற லாரிகளைக் குறிபார்த்துத் திரும்பித் திரும்பி உதறலைப் போக்கினேன். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். செய்முறைத் தேர்வுதான் மீதி. அது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், ஆயுத பூஜை முடிந்த அடுத்த திங்கட்கிழமை என்று அறிவித்தார்கள்.

இங்கேதான் என் கை வேலை காட்டியது.

ஆயுத பூஜை அன்று லேபில் எல்லாக் கேமராக்களையும் மேசைமேல் அடுக்கிப் பொட்டு வைப்பது வழக்கம். அந்த வருடம் அலுவலக அம்மா லீவு. "பிலோமினா, நீயே வச்சுடு" என்றார் சார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், சந்தனம் குழைத்துப் பழக்கமில்லை. தண்ணீர் கூடிப்போய்ப் பாயசமாகிவிட்டது. பொட்டு எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. கேமராவுக்கு முகம் லென்ஸ்தானே என்று, முதல் கேமராவின் லென்ஸ் நெற்றியில் தாராளமாக ஒன்று வைத்தேன். அதைப் பார்த்த சார், "கொஞ்சம் கெட்டியா, மேல் மூடியில வை" என்றார். மற்ற பதினொன்றுக்கும் அப்படியே வைத்தேன். முதல் கேமராவைத் துணியால் துடைத்துவிட்டேன். துடைத்துவிட்டதாக நினைத்தேன். பூஜை முடிந்ததும் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குக் கடற்கரையில் நின்றோம். கேமரா பன்னிரண்டுதான் என்பதால் தேர்வு அணி அணியாக, எங்கள் அணியில் மாணவர்கள் பதினொரு பேர், பன்னிரண்டாவது நான். வானம் முழுக்க மேகம். சார் குலுக்கல் போட்டுக் கேமராக்களைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு படம் மட்டும் எடுக்கும் அளவுக்குப் பிலிம். வெளிச்சம் அளக்கும் கருவி கிடையாது. கையெழுத்துப் போட்டு வாங்கிய கேமராவைத் திருப்பித் தர முடியாது, உபரிக் கேமராவும் இல்லை. ஒன்பதரைக்குள் நான்கு படம் தேற வேண்டும். ஓடுவதை நிறுத்திய படம் ஒன்று. ஓட்டத்தைக் காட்டும் படம் ஒன்று. முன்னிருந்து பின்வரை எல்லாம் தெளிந்த படம் ஒன்று. ஆள் தெளிந்து பின்னணி கலங்கிய படம் ஒன்று. நான்கில் ஒன்று தவறினாலும் பெயில்.

எல்லோரும் கலைந்த ஐந்தாவது நிமிடம் கோமதி என்னிடம் ஓடிவந்தாள். படாளத்துப் பெண், வகுப்பிலேயே பயந்தவள். "அக்கா, இது திரும்பவே மாட்டேன்து" என்று லென்ஸைக் காட்டினாள். துளையை மாற்றும் வளையம் பதினாறில் நின்றது. அலமாரியில் வைக்கும்போது எல்லா வளையத்தையும் பதினாறில் வைப்பது என் பழக்கம். முதலிலேயே கொஞ்சம் இறுக்கமான வளையம் அது. வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவே நூல் மாதிரி ஒரு மஞ்சள் கோடு காய்ந்து கிடந்தது.

பூஜையன்று நான் துடைத்த கேமரா அதுதான். உடனே நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்தது அதில்லை. 'பேசாமல் போய்விடு பிலோமினா, குலுக்கலில் வந்தது அவளுக்கு' என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். நான் வைத்த சந்தனத்துக்கு அவள் ஏன் பெயிலாக வேண்டும்? என் கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, அவளுடையதை வாங்கிக்கொண்டேன். அவள் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, ஓடிவிட்டாள். அதுவும் நல்லதுதான், ஏனென்றால் அப்புறம் நான் ஒரு படகின் பின்னால் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியபோது புத்தி கொஞ்சம் தெளிந்தது. பதினாறு என்றால் ஊசித்துளை. முன்னிருந்து பின்வரை தெளிவு வேண்டுமா, அதற்குப் பதினாறைவிட நல்ல எண் கிடையாது. ஓட்டத்தைக் காட்ட வேண்டுமா, சின்னத் துளைக்கு ஷட்டரை மெதுவாக விட்டே ஆக வேண்டும், அலை தானாக இழுபடும். இந்த இரண்டையும் ஸ்டாண்டு போட்டு முதலில் முடித்தேன். கரைக்கல்லின் மேல் அலை பால் மாதிரி வழிந்திருக்கும் என்று பிலிமைக் கழுவாமலே எனக்குத் தெரியும். ஓடுவதை நிறுத்த வேக ஷட்டர் வேண்டும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். காத்திருக்கலாம். நான்காவதுதான் இடித்தது. பின்னணி கலங்க வேண்டுமென்றால் துளையைத் திறக்க வேண்டும். துளை திறக்காது.

அப்போது குப்பத்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் மீன் கூடை, ஓட்டியது ஒரு பெண். அந்தக் காலத்தில் குப்பத்துப் பெண் மொபெட் ஓட்டுவதே அதிசயம். சவுக்குத் தோப்பை ஒட்டிய ரோட்டில் என் எதிரே கடந்து போனாள். நான் என்னை அறியாமல் அவளோடு சேர்ந்து திரும்பினேன். திரும்பும்போது சவுக்கு மரங்களெல்லாம் கண்ணில் ஒன்றோடொன்று கரைந்தன. அவள் மட்டும் தெளிவாக இருந்தாள்.

பின்னணியைக் கலக்கத் துளைதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஷட்டரை மெதுவாக வைத்து, ஓடுகிறவளோடு நானும் திரும்பினால் அவள் நிற்பாள், மரங்கள் ஓடும்.

எழுந்து நின்றேன். இந்த மேகத்துக்குப் பதினாறில் வினாடியில் பதினைந்தில் ஒரு பங்கு சரியாக இருக்கும். ஆனால் கிழக்கே மேகம் கிழியத் தொடங்கியிருந்தது. வெயில் வந்துவிட்டால் அவ்வளவு மெதுவான ஷட்டரில் வெளிச்சம் கூடிப் படம் வெந்துபோகும். ஷட்டரை வேகமாக்கினால் மரங்கள் நின்றுவிடும். மேகம் இருக்கும்வரைதான் எனக்கு உயிர்.

மொபெட் பஸ் நிறுத்தத்தில் மீனை ஐஸ் பெட்டியில் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு திரும்பி வந்தது. ரோட்டின் நடுவே கையைக் காட்டி நிறுத்தினேன். பெயர் வள்ளியம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இதே ரோட்டில் மூன்று தடவை போய் வர முடியுமா என்று கேட்டேன். மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு?"

"பரீட்ச அக்கா. பெயிலானா வேல போயிரும்."

"பரீட்ச எழுதுற வயசா இது?" என்றாள். பிறகு வண்டியைத் திருப்பினாள். "எவ்ளோ ஸ்பீடு வேணும், சொல்லு. மீனுக்கு ஐஸ் கீது, நிக்கும்."

முதல் தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்துவிட்டாள். அழுத்தினேன், வீண். இரண்டாம் தடவை அவள் சரியாக வந்தாள், தப்பு என்னுடையது. அழுத்தியதும் கை நின்றுவிட்டது. எத்தனை பிலிமில் இந்தத் தப்பைப் பார்த்து எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! அழுத்திய பிறகும் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாம் தடவை, அவள் தூரத்தில் வரும்போதே கூடையின் விளிம்பைக் குறிபார்த்துப் பிடித்தேன். இடுப்பிலிருந்து திரும்பினேன், எதிரே வந்தபோது அழுத்தினேன், அவள் முதுகு தெரியும்வரை திரும்பிக்கொண்டே போனேன். ஷட்டர் மூடிய சத்தம் என் காதுக்கு மெதுவாகக் கேட்டது. கால் நாழிகைக்குள் வெயில் அடித்தது.

வெயிலில் பதினாறுக்கு நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு. வீசுகிற பொருளை நிறுத்த அந்த வேகம் போதாது. ஆனால் மேலே போகிற எதுவும் கீழே இறங்குமுன் ஒரு கணம் நிற்கும். படகிலிருந்து கரைக்கு வெறும் கூடைகளை எறிந்துகொண்டிருந்தார்கள். கூடை உச்சியில் நிற்கும் அந்தக் கணத்துக்காகக் காத்திருந்து மூன்று படம் எடுத்தேன். ஒன்பதரை மணிக்குக் கேமராவை ஒப்படைத்தபோது என் புடவை முழுக்க மணல்.

மறுநாள் லேபில் பிலிமைக் கழுவி, பிரிண்ட் போட்டு, ஒவ்வொருவராக மேசைக்குப் போனோம். ராகவன் சார் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த வெளித் தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துப் பேசுகிறவர். சார் என் படங்களைத் தொடாமல், "எத்தனைல எடுத்த?" என்றார்.

நான்கையும் சொன்னேன். நான்கிலும் துளை பதினாறு.

தேர்வாளர் நிமிர்ந்தார். பின்னணி கலங்க வேண்டுமென்றால் துளையைத் திறக்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம், அதுகூடத் தெரியாமலா தேர்வுக்கு வந்தாய் என்று கேட்டார். தெரியும் என்றேன், வளையம் திரும்பவில்லை என்றேன். ஏன் திரும்பவில்லை என்றார். மறைக்க நினைத்தேன், நாக்கு ஒத்துழைக்கவில்லை. சந்தனம், பாயசம், நெற்றி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோமதி பெயரை மட்டும் சொல்லவில்லை.

சார் அந்தக் கேமராவை எடுத்து வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். வரவில்லை. தேர்வாளரிடம் நீட்டினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினார். அவருக்கும் வரவில்லை. பிறகு இருவரும் மொபெட் படத்தைப் பார்த்தார்கள். வள்ளியம்மாவின் மூக்குத்தி, கூடையின் ஓலைப்பின்னல், ஒவ்வொன்றும் துல்லியமாக இருந்தது. சவுக்குத் தோப்பு முழுவதும் கோடு கோடாகக் கரைந்து ஓடியது. கேள்வித்தாளை எடுத்து நான்காவது கேள்வியை சார் மெதுவாக வாசித்தார். அதில் பின்னணி கலங்க வேண்டும் என்றுதான் இருந்தது. எதனால் கலங்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை.

"இந்தக் கேமராவுல நான் எடுத்திருந்தா மூணு படந்தான் வந்திருக்கும்" என்றார் சார்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பெயருக்கு நேரே மார்க்கை எழுதினார். பன்னிரண்டு பேரில் நான் முதலாவது. கோமதி ஐந்தாவது. இதில் எது எனக்கு அதிகச் சந்தோஷம் என்று கேட்காதீர்கள், முதலாவதுதான். சார் என்னிடம் ஒரு பல்குச்சியும் ஸ்பிரிட் பாட்டிலும் கொடுத்து, சந்தனத்தைச் சுரண்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் லேபில் பொட்டு கேமராப் பைக்குத்தான்.

டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தரவு அந்த வாரமே கைக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். வள்ளியம்மா மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பாஸ் என்று சொன்னதும் தலையை ஆட்டினாள், படத்தை நீட்டியதும் கையைப் புடவையில் இரண்டு முறை துடைத்துவிட்டு ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். கூட இருந்த பெண்களெல்லாம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். ஏரோப்பிளேன் மாதிரி பறக்கிறாளே என்று ஒருத்தி கேலி செய்தாள். வள்ளியம்மா படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள்.

"ஊரே பின்னால ஓடிகினு கீது" என்றாள் கடைசியில். "நான் மட்டும் நிக்கிறேன் பாரு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மறுநாள் திங்கட்கிழமை, முப்பது பேர் எதிரே என் முதல் வகுப்பு. ஷட்டர் என்றால் என்ன என்று கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதி, அடியில் வள்ளியம்மா என்று பெயரையும் போட்டேன்.